காற்றைவிடக் கனமானது

கொழுந்தன்: …அப்படியே இருக்கட்டும் அண்ணி. துணியை வெச்சுத் துடைச்சிடாதீங்க.

அண்ணி: வெறும் ஈரம் தம்பி. பனிக்காலம். படகுக் கொட்டகை முழுக்கத்தான் நசநசன்னு கிடக்கு.

கொழுந்தன்: கயிறு காஞ்சு கிடக்கு. உட்கார்ற பலகை காஞ்சு கிடக்கு. மோட்டாரோட எரிவாயு சிலிண்டர் மட்டும் நனைஞ்சிருக்கு. அதுவும் பாதி வரைக்கும்.

அண்ணி: அது இரும்பு. இரும்புல சீக்கிரம் பனி இறங்கும்.

கொழுந்தன்: பனி இறங்கினா மேல இருந்து இறங்கணும். இது அடியில இருந்து ஏறியிருக்கு. தொட்டுப் பாருங்க… இந்தக் கோட்டுக்கு மேல சாதாரணமா இருக்கு. கோட்டுக்குக் கீழ விரல் ஒட்டிக்குது.

அண்ணி: நீதான் தொட்டுட்டியே. நான் வேற எதுக்கு.

கொழுந்தன்: புத்தகத்துல தெளிவா இருக்கு. “சிலிண்டரினுள் திரவமாக உள்ள புரொப்பேன், வாயுவாக மாறும்பொழுது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால், திரவம் நிற்கும் மட்டம் வரை சிலிண்டரின் வெளிப்புறம்…”

அண்ணி: ஆரம்பிச்சுட்டான். நாற்பது வயசுக்கு மேல மெக்கானிக் பரீட்சை எழுதிப் பாஸானாலும் ஆனே, வாயைத் திறந்தா அச்சடிச்ச மாதிரியே வருது. வீட்டுல பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தானா. “ஆதலால் டீ போடு”ன்னு கேப்பியா.

கொழுந்தன்: அவ சிரிச்சிட்டுப் போட்டுக் கொடுப்பா. நீங்க சிரிக்காம கேளுங்க. சும்மா கிடக்கிற மோட்டாருக்கு இந்தக் கோடு வராது. வாயு எரியணும். இன்னிக்குக் காலையில யாரோ இந்தப் படகை ஓட்டியிருக்காங்க. இப்பத்தான் கட்டியிருக்காங்க. பனி இன்னும் உருகலை.

அண்ணி: தெருப்பக்கத்து ஷட்டர் சாவி உன் இடுப்புல தொங்குது. நீ வந்து திறந்தப்போ பூட்டு பூட்டினபடி இருந்துச்சா இல்லையா.

கொழுந்தன்: இருந்துச்சு. தண்ணிப் பக்கத்துக் கதவுக்கு உள்தாழ்ப்பாள்தானே. மாடிப்படி வழியா இறங்கி வந்தா யார் வேணும்னாலும் திறக்கலாம்.

அண்ணி: மாடியில நான் ஒருத்திதான் இருக்கேன்.

கொழுந்தன்: அதைத்தான் நானும் யோசிக்கிறேன். ராத்திரி, விடியக்காலையில… எதாவது சத்தம் கேட்டுச்சா.

அண்ணி: இந்த மோட்டார் சத்தம் போட்டாத்தானே கேக்கும். மெதுவா ஓட்டினா தையல் மிஷின் மாதிரி இருக்கும்னு சொல்லி உங்கண்ணன் எத்தனை பேருக்குப் பெருமையடிச்சாரு.

கொழுந்தன்: அவர் பேச்சை எடுக்காதீங்க இப்ப.

அண்ணி: ஏன். காணோம்னுதானே எல்லாரும் சொல்றீங்க. காணாமப் போனவர் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கா.

கொழுந்தன்: அண்ணி… அந்த மூடுபனியில அவர் இந்தப் படகுலதான் போனாரு. படகு மட்டும் வந்துச்சு. அதுக்கப்புறம் இதை யாரும் தொடலை. தொடவும் வேண்டாம்னுதான் மோட்டாரை விக்கிறேன். மீன்பண்ணைக்காரர் இப்ப வந்துடுவாரு.

அண்ணி: பெட்ரோல் மோட்டாரை வித்துக்கோ. அக்கரைக்கு ஆள் ஏத்துற பெரிய படகையும் வித்துக்கோ. இதை விடு.

கொழுந்தன்: எதுக்கு இது.

அண்ணி: அவர் ஆசையா வாங்கினது.

கொழுந்தன்: அவ்வளவுதானா.

அண்ணி: அவ்வளவுதான். இது இல்லாம எனக்கு… முடியாது. இதை மட்டும் கையை விட்டுப் போக விட்டுடாதே தம்பி. வேற எதையும் உன்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்லை.

கொழுந்தன்: அதனாலதான் பயமா இருக்கு. கை ஏன் இப்படிச் செவந்திருக்கு.

அண்ணி: பாத்திரம் கழுவினேன்.

கொழுந்தன்: பச்சைத் தண்ணியிலயா.

அண்ணி: வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க, போய்ப் பாரு.

பண்ணைக்காரர்: உள்ளே வரலாமா. மோட்டார் விக்கிற இடம் இதுதானே. அக்கரையில மீன் வளர்க்கிறேன். தண்ணிக்குள்ள கூண்டு கட்டி, அதுல.

கொழுந்தன்: வாங்க ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தோம். இவங்க என் அண்ணி. படகு இவங்களோடது.

பண்ணைக்காரர்: வணக்கம்மா. இதுதான் சரக்கா. பார்க்கப் பெட்ரோல் மோட்டார் மாதிரியே இருக்கு.

கொழுந்தன்: உருவம் ஒண்ணுதான். குணம் வேற. முதல் நன்மை, இதில் எண்ணெய் சிந்துவதற்கு வழியே கிடையாது. பெட்ரோல் ஊத்தும்போது நாலு சொட்டு தண்ணியில விழும், வானவில் மாதிரி மிதக்கும். இதுல அது இல்லை. மீனுக்கு நல்லது.

பண்ணைக்காரர்: அதான் வேணும். என் மீனுங்க மூக்கு ரொம்ப நீளம். லேசா வாடை வந்தாலும் தீனி எடுக்காது.

அண்ணி: மீனுக்கு நல்லதுதான். ஆனா இழுவை கம்மிங்க. தீனி மூட்டையை ஏத்தினா முனகும்.

பண்ணைக்காரர்: அப்படியா.

கொழுந்தன்: சிறிதளவு குறைவுதான். கூண்டுக்குக் கூண்டு போறதுக்கு எதுக்கு வேகம். ரெண்டாவது நன்மை, பெட்ரோலை மாசக்கணக்குல விட்டு வெச்சா கெட்டுப் போய்ப் பிசின் மாதிரி ஆகி அடைச்சிக்கும். எரிவாயு கெடவே கெடாது. எத்தனை மாசம் சும்மா கிடந்தாலும் கயித்தைச் சுண்டி இழுத்தா உடனே உறுமும்.

அண்ணி: உறுமும். சிலிண்டர் தீர்ந்து போனா நடுத்தண்ணியில நின்னுடும். பெட்ரோல்னா பக்கத்துப் படகுக்காரன்கிட்டக் கை நீட்டி ஒரு பாட்டில் வாங்கி ஊத்தலாம். இதுக்கு யாருகிட்டப் போய் நிப்பீங்க. எல்லாக் கடையிலும் நிரப்பித் தரமாட்டாங்க.

கொழுந்தன்: அண்ணி.

அண்ணி: கேக்கிறவருக்கு உள்ளதைச் சொல்லணும்ல. எவ்வளவு மிச்சம் இருக்குன்னும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் தூக்கிப் பார்த்து, கனத்தை வெச்சுக் கணக்குப் போடணும்.

கொழுந்தன்: ரெண்டாவது சிலிண்டர் ஒண்ணு கூட வெச்சுக்கிட்டா அந்தக் கவலையே எழாது. புகை கம்மி, உள்ளே கரி படியாது, ஸ்பார்க் பிளக் ரொம்ப நாள் உழைக்கும்…

அண்ணி: குளிர்காலத்துல சிலிண்டர்ல அழுத்தம் குறைஞ்சு மோட்டார் திக்கும். அதையும் சொல்லு.

பண்ணைக்காரர்: இருங்க, இருங்க. நான் ஊரெல்லாம் சாமான் வாங்கியிருக்கேன். விக்கிறவர் புகழ்வாரு, வாங்கிறவன் குறை சொல்லுவான். இங்க குறை சொல்ற வேலையையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. நான் என்னதான் பேசுறது.

கொழுந்தன்: அண்ணிக்கு இதைப் பிரிய மனசு இல்லைங்க. அதான்.

பண்ணைக்காரர்: பிரிய மனசு இல்லாதவங்க நல்லதாச் சொல்லுவாங்க தம்பி. தன் சாமானை யாரும் இவ்வளவு மோசமாப் பேச மாட்டாங்க.

அண்ணி: இன்னும் முக்கியமானதைச் சொல்லவே இல்லைங்க. இந்த வாயு காற்றைவிடக் கனம். கசிஞ்சா மேல போகாது. படகோட அடியில போய்த் தேங்கும், தண்ணி தேங்குற மாதிரி. சிலிண்டரை நிக்க வெச்சே ஓட்டணும். காலை நீட்ட இடம் வேணும்னு பலகைக்கு அடியில படுக்க வெச்சுட்டா, திரவமாவே குழாய்க்குள்ள இறங்கி, மூட்டுல கசியும். அந்த நேரம் பார்த்து ஜலதோஷம் பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தா, நாத்தமும் தெரியாது. பனி விலகட்டும்னு படகோட அடியில கொஞ்சம் தலையைச் சாய்ச்சவர் அப்புறம் எழுந்திரிக்க மாட்டாரு.

கொழுந்தன்: இது உங்களுக்கு யார் சொன்னது அண்ணி.

அண்ணி: நீதான். புத்தகத்தை வெச்சுக்கிட்டு உரக்கப் படிச்சிட்டிருந்தியே.

கொழுந்தன்: கனம்னு படிச்சேன். அடியில தேங்கும்னு படிச்சேன். காலை நீட்டுறது, ஜலதோஷம்… அதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

அண்ணி: அப்ப நானே யோசிச்சிருப்பேன்.

பண்ணைக்காரர்: நிக்க வெச்சு ஓட்டணும், அவ்வளவுதானே. ஓட்டிக்கிறேன். நீங்க என்ன பயமுறுத்தினாலும் நான் வாங்கிட்டுத்தான் போவேன்மா. இந்த மோட்டாரை நான் கண்ணால பார்த்துட்டேன்.

கொழுந்தன்: எங்க பார்த்தீங்க.

பண்ணைக்காரர்: தண்ணியிலதான். இன்னிக்கு விடியறப்போ மீனுக்குத் தீனி போட்டுட்டிருந்தேன். பனி கண்ணை மறைக்குது. திடீர்னு என் கூண்டுக்குப் பக்கத்துல ஒரு படகு போகுது. சத்தமே இல்லை. வாடை இல்லை. மீன் ஒண்ணுகூடத் துள்ளலை. அட, இதுதான்டா நமக்கு வேணும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். இதே படகுதான். முன்பக்கத்துல பச்சைப் பட்டை அடிச்சிருக்கு பாருங்க.

கொழுந்தன்: யார் ஓட்டினாங்க.

பண்ணைக்காரர்: சால்வையைப் போர்த்திக்கிட்டு ஒரு அம்மா. இவங்கதான்னு நினைச்சேன். இவங்க இல்லையா.

அண்ணி: பனியில யாருன்னு எப்படிங்க தெரியும்.

பண்ணைக்காரர்: அதுவும் சரி. கூட ஒருத்தர் இருந்தாரே.

கொழுந்தன்: …கூடவா.

பண்ணைக்காரர்: முன்பக்கத்துல. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. நல்ல உயரமான ஆள்போல இருக்கு. இடம் பத்தாம முட்டி ரெண்டையும் மடக்கி, தாடையை முட்டிமேல வெச்சு உட்கார்ந்திருந்தாரு. குரல் கொடுத்தேன், திரும்பலை. சரி, குளிர்ல காது அடைச்சிருக்கும்னு விட்டுட்டேன்.

கொழுந்தன்: என்ன போட்டிருந்தாரு.

பண்ணைக்காரர்: அதையெல்லாம் யார் தம்பி கவனிக்கிறது. நான் மோட்டாரைப் பார்த்தேன். ஒண்ணு மட்டும்… சொன்னா சிரிப்பீங்க.

கொழுந்தன்: சொல்லுங்க. சிரிக்க மாட்டோம்.

பண்ணைக்காரர்: படகு முன்பக்கம் ரொம்பத் தாழ்ந்து போச்சு. நாலு மூட்டை அரிசியை முன்னாடி ஏத்தின மாதிரி. ஒத்தை ஆள் உட்கார்ந்தா அவ்வளவு தாழாது. மோட்டாரைச் சரியாப் பொருத்தலையோன்னு நினைச்சேன். நீங்க மெக்கானிக், நீங்கதான் பார்க்கணும்.

கொழுந்தன்: …பார்க்கிறேன்.

பண்ணைக்காரர்: முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு உங்களுக்கு. சரி, நான் போய் வேனை எடுத்துட்டு வந்துடறேன். மோட்டாரைக் கழட்டி வெச்சிடுங்க. வரேன்மா. சிலிண்டரை நிக்க வெச்சே ஓட்டறேன், கவலைப்படாதீங்க.

அண்ணி: பார்த்துப் போங்க. படி வழுக்கும். என்ன தம்பி, அப்படியே நின்னுட்டே. உன் ஆள் வேன் எடுக்கப் போயிட்டாரு, ஸ்பேனரை எடு.

கொழுந்தன்: ரெண்டு பேர்ங்கிறாரு அண்ணி.

அண்ணி: பனியில ஒண்ணு ரெண்டாத் தெரியும்.

கொழுந்தன்: ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். முட்டிமேல தாடையை வெச்சு உட்காராது. எத்தனை நாளா நடக்குது இது.

அண்ணி: எல்லாரும் தேடுறதை நிறுத்தினாங்களே, அதுல இருந்து.

கொழுந்தன்: விடியக்காலையில தனியாவா போவீங்க.

அண்ணி: போகும்போது தனியாத்தான். நீ உட்காரு. அந்தப் பலகையில உட்காரு… வேண்டாம், முன்பலகை வேண்டாம். இந்தப் பக்கம் வா.

கொழுந்தன்: ஏன், முன்பலகைக்கு என்ன.

அண்ணி: ஒண்ணும் இல்லை. ஈரமா இருக்கும்.

கொழுந்தன்: யார் அது அண்ணி. உங்க வாயாலயே சொல்லிடுங்க.

அண்ணி: உங்கண்ணன்.

கொழுந்தன்: …முகத்தைப் பார்த்தீங்களா.

அண்ணி: திரும்ப மாட்டாரு. பேரன் பேத்தி எடுக்கிற வயசுல மூஞ்சியை என்ன பார்க்கிறதுன்னு நானும் விட்டுட்டேன். முதுகு தெரியாதா எனக்கு. இத்தனை வருஷம் அந்த முதுகுக்குப் பின்னாடிதானே படுத்தேன்.

கொழுந்தன்: விளையாடாதீங்க.

அண்ணி: நான் எங்க விளையாடினேன். முதல்ல பெட்ரோல் மோட்டாரைக் கட்டிக்கிட்டுத்தான் போனேன். நடுத்தண்ணியில இருக்கிற மண் திட்டு வரைக்கும் போய்ச் சுத்திச் சுத்தி வந்தேன். அது போடுற சத்தத்துல கொக்குகூட நிக்கலை. ஒண்ணும் வரலை. மறுநாள் இதை எடுத்தேன். திட்டை நெருங்கினதும் மோட்டாரைக் குறைச்சேன். அங்க பம்ப் ரூம் பக்கம் நாணல் இருக்குல்ல, அதுக்கிட்டப் போனப்போ படகு முன்பக்கம் தாழ்ந்துச்சு. யாரோ காலைத் தூக்கி உள்ளே வெச்ச மாதிரி. தாழ்ந்தது மறுபடி நிமிரலை.

கொழுந்தன்: திட்டுலயா… பம்ப் ரூம் பக்கத்துலயா.

அண்ணி: அங்கதான். ஏன், அந்த இடத்துக்கு என்ன.

கொழுந்தன்: …ஒண்ணும் இல்லை. சொல்லுங்க.

அண்ணி: ஒரு சுத்து சுத்தி வருவோம். அவர் அந்த அக்கரைக்கூண்டு வரைக்கும் வரணும்பாரு. மீனைப் பார்க்கப் பிடிக்கும் அவருக்கு. அப்புறம் திட்டுல இறங்கிடுவாரு. வீட்டுக்கு வாங்கன்னு நான் கூப்பிடுறதில்லை. வரமாட்டாருன்னு தெரியும்.

கொழுந்தன்: பேசுறாரா.

அண்ணி: கேட்டா பதில் சொல்லுவாரு. குரல் மட்டும் அவர் இருக்கிற இடத்துல இருந்து வராது. கீழ இருந்து வரும். காலுக்கு அடியில, பலகைக்கு அடியில இருந்து. குனிஞ்சு கேட்டாத்தான் புரியும். அதுக்குத்தான் இந்த மோட்டார் வேணுங்கிறேன். பெட்ரோல் மோட்டார் ஓடுற சத்தத்துல அவர் பேசுறது எப்படிக் கேக்கும்.

கொழுந்தன்: கடவுளே.

அண்ணி: ஃபிளாஸ்க்ல டீ கொண்டு போவேன். வாங்கி மடியில வெச்சுப்பாரு, குடிக்க மாட்டாரு. திருப்பித் தரும்போது அந்த சிலிண்டரைத் தொட்ட மாதிரி இருக்கும். வாங்குற கை எரியும். பாத்திரம் கழுவினேன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன், அது இதுதான்.

கொழுந்தன்: கையைக் காட்டுங்க… தோலே உரிஞ்சிருக்கே. சிலிண்டரைத் தூக்கி இறக்கினதுல பட்டிருக்கும் அண்ணி. குளிர்ந்து போன இரும்பு சூடு போட்ட மாதிரி…

அண்ணி: அதுவும் புத்தகத்துல இருக்கா.

கொழுந்தன்: இருக்கு.

அண்ணி: நல்ல புத்தகம். எல்லாத்துக்கும் காரணம் வெச்சிருக்கு.

கொழுந்தன்: என்னைப் பாருங்க. நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை அடிச்சாலும் சரி, இந்த வீட்டு வாசல் ஏறாதேன்னாலும் சரி.

அண்ணி: சொல்லு.

கொழுந்தன்: எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை.

அண்ணி: உனக்கா தெரியாது. “ஆதலால்”னு ஆரம்பி.

கொழுந்தன்: …அண்ணன் இல்லை அண்ணி. அவர் தொலைஞ்சு போகலை. இறந்துட்டாரு. அன்னிக்கே. மறுநாள் நான்தான் கண்டேன். எல்லாரும் இக்கரையில தேடிட்டிருந்தாங்க. நான் ஒருத்தன் மட்டும் திட்டுப் பக்கம் போனேன். படகு நாணல்ல சொருகி நின்னுச்சு. அவர் அடியில படுத்திருந்தாரு. காயம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தூங்குறாருன்னுதான் எழுப்பினேன். சிலிண்டர் பலகைக்கு அடியில படுத்துக் கிடந்துச்சு. காலை நீட்ட இடம் பண்ணியிருக்காரு. படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன், படுக்க வெக்காதேன்னு. அவருக்கு நான் எப்பவும் சின்னப் பையன்தானே, “போடா புத்தகம்”பாரு. மூக்கு வேற அடைச்சிருந்துச்சு, ரெண்டு நாளா தும்மிக்கிட்டே இருந்தாரு…

அண்ணி: என்கிட்ட ஏன் சொல்லலை.

கொழுந்தன்: எப்படிச் சொல்வேன். அதுக்கு முந்தின சாயங்காலம், இன்னும் வரலையேன்னு கரையில நின்னுட்டிருந்தவங்க, நாங்க கொஞ்சம் கண்ணைத் திருப்பின நேரத்துல இடுப்பு வரைக்கும் தண்ணியில இறங்கிட்டீங்க. நானும் என் பொண்டாட்டியும்தான் இழுத்துக் கரை ஏத்தினோம். “அவர் வரலைன்னா நான் போறேன்”னு சொன்னது ஞாபகம் இருக்கா. காணோம்னு சொன்னா காத்திருப்பீங்க. இல்லைன்னு சொன்னா இருக்க மாட்டீங்க. அதுக்காகத்தான்.

அண்ணி: அதுக்காகத்தான்.

கொழுந்தன்: பம்ப் ரூமுக்குப் பின்னாடி, நாணல் முடியுற இடத்துல நானே தோண்டினேன். தனியா. அந்தக் குளிர்ல வெறும் உடம்பா மண்ணுல வைக்கக் கை வரலை. என் மேல இருந்ததைக் கழட்டிப் போர்த்திட்டுத்தான் மண்ணைத் தள்ளினேன். படகை மட்டும் இழுத்துட்டு வந்து, காலியா மிதந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இது வேற எந்த உயிருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிக்குக்கூட.

அண்ணி: அழாதே.

கொழுந்தன்: அதனால நீங்க பார்க்கிறது அண்ணன் இல்லை. துக்கம் அண்ணி. துக்கம் இப்படியெல்லாம் காட்டும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், இந்த மோட்டார் போகட்டும். ஒரு நாள் அந்தத் திட்டுல இருந்து நீங்க திரும்பி வராமப் போயிடுவீங்களோன்னு எனக்கு… வேன் சத்தம் கேக்குது. வந்துட்டாரு. சொல்லுங்க, கழட்டட்டுமா.

அண்ணி: கண்ணைத் துடைச்சிக்கிட்டுப் போய், விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லி அவரைத் திருப்பி அனுப்பு. அழுத முகத்தோட போகாதே, தப்பா நினைப்பாரு… நீ இப்ப சொன்னதுல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை தம்பி, படகுல ஏறின முதல் நாளே அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன்மேல அவருக்குக் கோபமெல்லாம் கிடையாது. நீ போர்த்தி விட்டியே உன் மழைக்கோட்டு, அதுதான் அவர் உயரத்துக்குப் பத்தலையாம். முட்டிக்குக் கீழ கால் ரெண்டும் குளிருதுங்கிறாரு.